பெரிய காலேஜில் ஒரு சீட்டு

என் அப்பாவைப் போல் ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. சொந்த அப்பாவை யார்தான் மெச்சமாட்டார்கள் என்று முணுமுணுக்காதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

யுத்த காலம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மயிலாப்பூர் மாட வீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார் அப்பா. சர்க்கார் அளந்து கொடுக்கிற கண்ட்ரோல் துணி வந்த பிறகு அலமாரியில் பாதி காலி. அந்தச் சமயம் பார்த்து அம்மாவுக்குக் கடைவாய்ப்பல் வலி. ரோட்டோரம் பல் பிடுங்குகிறவன் குறடு போட்டு இழுத்ததில் தாடை வீங்கி, பன்னிரண்டு நாள் கஞ்சி இறங்கவில்லை. கடையைச் சாத்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அப்பா, "நம்ம வீட்ல ஒருத்தன் இத ஒழுங்காப் படிக்கணும்" என்றார். வீட்டில் இருந்த ஒருத்தன் நான்தான். எனக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது.

அப்போது பல் வைத்தியம் முறையாகப் படிக்க பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோதான் போகவேண்டும். அதற்கு முன் இங்கே இரண்டு வருடம் இண்டர்மீடியட், அதுவும் பயாலஜி உள்ள இரண்டாம் குரூப், படித்திருக்க வேண்டும். எங்கள் முன்னால் இருந்தவை இரண்டு கல்லூரிகள். ஒன்று கடிகாரக் கோபுரம் வைத்த பெரிய காலேஜ். அங்கே படித்தவர்கள் ஐகோர்ட்டில் ஜட்ஜாக இருந்தார்கள். பையன்கள் கட்டவேண்டிய சம்பளமும் அதற்கேற்ற உயரம். இன்னொன்று அடையாறு போகிற வழியில், ஓட்டுக் கட்டடத்தில் நடந்த சின்னக் காலேஜ். சம்பளம் பாதிதான். நடந்தே போய்விடலாம், பம்பாய்க்குப் பணம் மிச்சமாகும். ஆனால் பேர் சொன்னால், "அது எங்க இருக்கு?" என்பார்கள்.

"பெருசே போவோம்லே. பம்பாய்க்காரன் பேரத்தான பாப்பான்" என்று அப்பா முடிவு செய்தார். கடிகாரக் கோபுரத்தைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆபீஸில் கிளார்க் இங்கிலீஷில்தான் பேசினார். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, நான்தான் சொல்லவேண்டும். இரண்டாம் குரூப் நிரம்பிவிட்டது, கணக்கு உள்ள முதல் குரூப்பில்தான் இடம், பிறகு மாற்ற முடியவே முடியாது என்றார் அவர்.

"என்னலே சொல்லுதாரு? பொறவு மாத்திக்கலாமாமா?" என்று அப்பா கேட்டார். எங்கள் கடையில் எடுத்த துணியை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்தால் வேறு கலர் தருவோம். உலகமே அப்படித்தான் என்று அவர் நினைத்திருந்தார்.

நான் கோபுரத்தைப் பார்த்தேன். "மாத்திக்கலாமாம்ப்பா" என்றேன்.

அடப்பாவி! இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. அப்பா பணத்தைக் கட்டினார். ஒரு வாரம் கடைக்கு வந்தவர்கள் கையிலெல்லாம் கல்கண்டு கொடுத்து, "பையன் பெரிய காலேஜு, அப்புறம் பம்பாயி, பல் டாக்டரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குக் கல்கண்டு கசந்தது.

அந்த வாரக் கடைசியில் வாடிக்கையான மாமி ஒருத்தி புடவை எடுக்க வந்தாள். "ஏண்டாப்பா, எந்த குரூப்?" என்றாள். சொன்னேன். "ஃபர்ஸ்ட் குரூப்பா? பயாலஜி இல்லாம பல் படிப்புக்கு எப்படிடா சேத்துப்பா?"

"அது மாத்திக்கலாமாம்லா, அம்மா" என்றார் அப்பா.

"மாத்தவே விடமாட்டாளே! என் தம்பி அங்கே தலைகீழா நின்னு பாத்துட்டானே!"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்தேன். அவ்வளவுதான், அவருக்குப் புரிந்துவிட்டது. மாமிக்குப் புடவையை மடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, "வாலே" என்றார்.

சின்னக் காலேஜில் சேர அன்றுதான் கடைசி நாள். இரண்டாம் குரூப்பில் இடம் இருந்தது. ஓட்டுக்கூரைக்குக் கீழே கண்ணாடி ஜாடிகளில் தவளைகள் மிதந்தன. வெட்கத்தோடு வெட்கமாக எனக்குச் சந்தோஷமும் வந்தது. பெரிய காலேஜில் கட்டிய பணம் போனது போனதுதான்.

மறுநாள் பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர் கடை வாசலில் வந்து நின்றார். கிண்டல் என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். கடையில் நாலைந்து பேர் துணி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா அண்ணாச்சி, பெரிய காலேஜுன்னு கல்கண்டு குட்த்தியே, இப்ப ஓட்டுக் காலேஜாமே? உன் புள்ளைய வாணான்ட்டாங்களா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இதோ என் மானம் போகிறது என்று துணிச் சுருளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அவங்க வேண்டாங்கல" என்றார் அப்பா. "எனக்குத்தான் இங்கிலீசு தெரியாதே. அவரு ஒண்ணு சொன்னாரு, நான் ஒண்ணு வெளங்கிக்கிட்டேன். முட்டாத்தனம் என்னுது."

பாத்திரக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாவும் கூடச் சிரித்தார். அன்று வந்த ஒவ்வொருவரிடமும், யாரும் கேட்காமலே, அதையே சொன்னார். ஜம்பமாகப் பேசிய வாயாலேயே எத்தனை தடவை தன்னை முட்டாள் என்று சொல்லிக்கொண்டார் என்று எனக்குத்தான் தெரியும்.

மத்தியானம் கடையில் ஆள் இல்லாதபோது என்னால் தாங்க முடியவில்லை. அழுதுவிட்டேன். "ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க? பொய் சொன்னது நாந்தான?"

அப்பா துணியை மடித்துக்கொண்டே இருந்தார். நிமிரவில்லை.

"ஜவுளிக்காரன் ஏமாந்தான்னா நாலு நாள் சிரிச்சுட்டு மறந்திருவாங்க. நீ பொய்க்காரன்னு பேரு வாங்கினா நாளைக்கு எவம்லே ஒன்ன நம்பி வாயத் தொறப்பான்?"