பானைக்குத் தண்ணீர் ஊற்றியவள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மதுரை டவுனில், மாடியறை ஒன்றில் நடந்த கம்ப்யூட்டர் சென்டரில் நான் டீச்சர். சி ப்ளஸ் ப்ளஸ் என்ற புரோகிராம் மொழி அப்போதுதான் ஊருக்குள் வந்திருந்தது. ஜெராக்ஸ் எடுத்த புத்தகத்தை வைத்து நானாகப் படித்துத்தான் நடத்தினேன்.

அன்றைக்கு ஸ்டாடிக் வேரியபிள் பாடம்; வேரியபிள் என்பது புரோகிராமில் ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் இடம். அசையாதது என்று அர்த்தம் தரும் பெயரைக் கேட்டதும், அது மாறவே மாறாத ஒன்று என்று வகுப்பே நினைத்துக்கொண்டது. மூலையிலிருந்த குடிதண்ணீர்ப் பானையைக் காட்டினேன்.

"உங்க டம்ளர்ல இருக்கது உங்க தண்ணி. ஆளுக்கு ஒரு அளவு இருக்கும். அது சாதாரண வேரியபிள். பானை ஒண்ணுதான். யார் மோந்தாலும் எல்லாருக்கும் சேர்த்துத்தான் குறையும். அதுதான் ஸ்டாடிக். மாறும், ஆனா எல்லாருக்கும் பொது."

முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்தான். "பானையில ஊத்துறது யாரு மேடம்?"

"அது ஸ்டாடிக் மெத்தட், பானையோட வேலையச் செய்ற பகுதி. நீங்க ஒருத்தரும் வராதப்பவே ஊத்தி வைக்கலாம், அதுக்கு ஆப்ஜெக்ட் எதுவும், அதாவது டம்ளரோட வர்ற ஆளு யாரும், வேணாம். யார் டம்ளர்ல எம்புட்டு இருக்குன்னு ஊத்துறவுகளுக்குத் தெரியாது."

"அதில்ல மேடம். நெசமாவே இந்தப் பானையில?"

"நான்தான். காலையில வந்ததும் ஊத்திருவேன்."

அவன் உட்கார்ந்துவிட்டான். எழுமலைப் பக்கம் எங்கள் ஊர்தான் அவனுக்கும். அவன் வீட்டுத் தோட்டத்தில் என் அம்மா களையெடுத்திருக்கிறாள். எங்கள் தெருக்காரர்கள் ஊர்க்கிணற்றில் வாளி விடக் கூடாது. யாராவது இறைத்து ஊற்றும்வரை அம்மா குடத்தோடு ஓரமாக நிற்பாள்.

மறுநாள் அவனும் அவன் கூட்டாளியும் வீட்டிலிருந்து தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தார்கள். அதற்கு அடுத்த நாள் அவனுடைய அப்பா வந்து சென்டர் முதலாளியிடம் பேசிவிட்டுப் போனார். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"பாடத்த மட்டும் நடத்துங்கம்மா. பானை எதுக்கு? தண்ணி ஊத்த வேற ஆள் போட்டுக்கிறேன்."

"உதாரணம் தப்பா சார்?"

"தப்புன்னு சொல்லல."

"அப்ப மாத்த மாட்டேன். தண்ணியும் நான்தான் ஊத்துவேன்."

"ரெண்டு பேரும் நின்னுருவாய்ங்கம்மா."

"நிக்கட்டும் சார்."

வெளியே வந்தபோது பயம்தான். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆனாலும் மறுநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே போனேன். தெருக்குழாயில் குடத்தில் தண்ணீர் பிடித்து, படியேறி, பானையை விளிம்புவரை நிரப்பினேன். வகுப்பு கூடியதும் ஸ்டாடிக் மெத்தடை முதலிலிருந்து நடத்தினேன், அதே பானையை வைத்து. ஆப்ஜெக்ட்டுக்குச் சொந்தமான வேரியபிளை, அதாவது டம்ளர் தண்ணீரை, ஸ்டாடிக் மெத்தட் நேரடியாகத் தொட்டால் கம்ப்யூட்டர் எப்படி மறுக்கும் என்று புரோகிராமை ஓட்டியும் காட்டினேன். பாட்டில் கொண்டுவந்த இருவரும் பாதியிலேயே எழுந்து போனார்கள்; அதற்குப் பிறகு வரவில்லை. மற்றவர்கள் போகவில்லை. இடைவேளையில் பசுமலையிலிருந்து வரும் பெண் பானையில் மொண்டு குடித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் சந்தேகம் கேட்க வந்தாள்.

முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. இந்தப் பாடத்தை நடத்த அவருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அதை நான் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ளவில்லை.

சில வாரம் கழித்து முன்வரிசைப் பையன் மட்டும் திரும்பி வந்தான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டான். அப்பாவுக்குத் தெரியுமா என்றோ, ஏன் வந்தாய் என்றோ நான் கேட்கவில்லை. விட்டுப்போன புரோகிராம்களை எழுதிக் காட்டிவிட்டுத்தான் மெஷினில் உட்கார வேண்டும் என்றேன்.

"சரி மேடம்" என்றான்.