மூடி துடைத்த மூன்று மணி நேரம்

ஆய்வகத்தில் அவளுக்குப் பெயர் ஜவ்வு அக்கா. இறால் ஓட்டுப் பொடியை வினிகரில் கரைத்து, நொதியைக் கலந்து, கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவைப்பாள். வெங்காயத்தோல் போல ஒரு ஜவ்வு வரும். அதில் சிக்கிய நொதி சர்க்கரைத் தண்ணீரைத் தின்று மின்சாரம் தரும். அதைக்கொண்டு மேசைமேல் ஒரு சின்னக் கடிகாரம் ஓடியது. மற்றவர்கள் செய்த ஜவ்வில் பத்து நாள். அக்காவின் ஜவ்வில் நாற்பது.

முதலில் கைராசி என்றார்கள். யார் செய்தாலும் வரவேண்டும், இல்லாவிட்டால் ஆய்வையே மூடுகிறோம் என்று மேலிடம் சொன்னதும், அக்கா எதையோ ஒளிக்கிறாள் என்றார்கள். நரம்பில்லாத நாக்கு, நாலும் பேசும்.

ஒளித்தாள்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். தேநீர் வேளையில் பெண்கள் வீட்டுக்காரர்களைக் குறைசொல்லும்போது, "எங்க வீட்டு மனுஷன் மட்டும் என்னவாம்" என்று அவளும் அலுத்துக்கொள்வாள். அந்த மனுஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், இவள் மறைத்தாள்.

தலைமை விஞ்ஞானி மேடம் கூப்பிட்டு, ஏழு பேர் வேலை போகும் அக்கா, சொல்லுங்கள் என்றார். அக்கா விரலில் காய்ந்த பசையை உரித்தபடி நின்றாள்.

"அஞ்சு மணிக்கு எல்லாரும் சீக்கிரம் காயட்டும்னு ஃபேனைப் போட்டுட்டுப் போயிடுவாங்க. நான் ஃபேனை நிறுத்தி, தட்டை மூடி, எட்டு மணி வரைக்கும் மூடியில கோக்குற தண்ணியைத் துடைச்சுக்கிட்டே இருப்பேன். சொட்டு விழுந்தா குழி விழும். மெதுவாக் காஞ்சாத்தான் ஜவ்வு நாள்பட உழைக்கும்."

"இத ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"வீட்டுக்குப் போகலையான்னு கேப்பீங்களே மேடம். அவரு இல்ல. வீட்டுல யாருமே இல்ல."

ஆய்வு பிழைத்தது. ஒரு மாதத்தில் ஈரத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் பெட்டி ஒன்று வந்தது. இனி நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம் என்று மேடம் அன்பாகத்தான் சொன்னார். மற்றவர்களும் அன்பாகத்தான் இருந்தார்கள். அவள் தேநீருக்கு வந்தால் வீட்டுக்காரர் பேச்சை மட்டும் சட்டென்று நிறுத்திவிடுவார்கள். அதுதான் அவளைக் கொன்றது.

ஐந்தரைக்கு வீட்டுக் கதவைத் திறந்தாள். சுவரில் இன்னும் வெயில் இருந்தது. நல்ல புழுக்கம். பழக்கதோஷத்தில் ஃபேன் போடாமலேயே உட்கார்ந்தாள்.