கோப்பைக்கு வந்த மூன்றாவது காசு

ராக்கெட் ஏவுதளத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் தோரெதாமில், அக்மராலிடம் இன்று வெள்ளிக்கிழமை என்று சொன்னால்கூட நாட்காட்டியைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவாள். பால்காரி ஊற்றும் பாலை நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாள். தொலைக்காட்சியில் விண்வெளி வீரர்கள் கையசைத்தால், "இது போன வருஷத்துப் படம், பின்னால நிக்கிறவன் சட்டையைப் பாரு" என்பாள். இப்பேர்ப்பட்டவள்தான், ஆட்களை ஏற்றிக்கொண்டு ராக்கெட் கிளம்பும் ஒரு நாளைக்கூட இத்தனை வருடமாகத் தவறவிட்டதில்லை. எதையுமே நம்பாதவளுக்கு அதன் மேல் மட்டும் என்ன இவ்வளவு பிரியம் என்று கேட்டால், "ஊரே பார்க்க மேல போறது அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் கதவைச் சாத்திக்கிட்டு நடக்குது" என்று பதில் வரும்.

புருஷன் போன பிறகு ரயில் நிலையத்தில் சம்சா விற்றுக் குடித்தனம் நடத்தினாள். ஏவுதல் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டில் ஒரு அறையை வாடகைக்கு விடுவாள். ராக்கெட் பித்துப் பிடித்த எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு அவள் வீடுதான் மடம். ரயில்வே கேட் காத்து ஓய்வு பெற்ற குவானிஷும், நூலகத்தில் வேலை பார்க்கும் ஷோல்பானும் பாதி நாள் அங்கேதான் கிடப்பார்கள்.

அந்த வீட்டுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அலமாரியில் ஒரு பூப்போட்ட கோப்பை, அக்மராலின் மாமியார் காலத்தது. ராக்கெட்டைப் படுக்க வைத்து ரயிலில் ஏவுதளத்துக்குக் கொண்டுபோவார்கள். மனிதன் நடக்கிற வேகத்தில் போகும் அந்த ரயிலுக்கு முன்னால், மேலே போகப் போகிறவர் ஒருவருக்கு ஒரு காசு என்று தண்டவாளத்தில் வைப்போம். நசுங்கி இலை போல ஆன காசுகள் அந்தக் கோப்பைக்குள் போகும். போனவர்கள் திரும்பித் தரையில் கால் வைக்கிற வரை யாரும் தொடக்கூடாது. அதன் பிறகு, ஊரை விட்டுக் கிளம்புகிறவர்களுக்கு அவற்றைக் கொடுப்பார்கள். கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு ஒன்று, பட்டாளத்துக்குப் போகிற பையனுக்கு ஒன்று. போன காரியம் நல்லபடி முடிந்தால், அடுத்து ஒரு ராக்கெட் கிளம்பும் நாளில் காசைக் கையோடு கொண்டுவந்து அதே கோப்பையில் போட வேண்டும் என்பது பேச்சு. போட்டவர் ஒருவரும் இல்லை. கொடுத்ததைத் திருப்பித் தருகிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது?

அந்த மார்ச் மாதக் கடைசியில் மெய்ராம் வந்தான். அரால் நகரத்துக்காரன், இருபத்தைந்து வயதிருக்கும். மீன் ஆலையில் வேலை, ஆள் ஏறும் ராக்கெட்டை நேரில் பார்த்ததே இல்லை, பார்க்க வந்தேன் என்றான். அக்மரால் அவன் கையை முகர்ந்து பார்க்காத குறைதான்.

"மீன் ஆலைக்காரன் மேல மீன் வாடையே இல்லையே?"

"நான் ஐஸ் மெஷின் பாக்கறேன், அக்கா."

"ஐஸ் மெஷினுக்கும் மீனுக்கும் பேச்சுவார்த்தை இல்லையோ?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பும் அவளுக்குப் பிடிக்கவில்லை. போதாததற்கு, தோளில் மாட்டியிருந்த பையை அவன் சாப்பிடும்போதுகூட இறக்கி வைக்கவில்லை. "மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்?" என்று அடுப்படியில் ஷோல்பானிடம் முணுமுணுத்தாள்.

ராக்கெட் ரயில் புறப்பட்ட காலையில் பனி உருகித் தரையெல்லாம் சேறாகக் கிடந்தது. இந்த முறை மேலே போகிறவர்கள் மூன்று பேர்: ஒரு கமாண்டர், ஒரு பொறியாளர், டாக்டர் பெண் ஒருத்தி. அக்மரால் தன் கையாலேயே மூன்று காசை வைத்தாள். ரயில் முக்கி முனகிக் கடந்து போனது. காவலர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, எல்லாரும் குனிந்து சேற்றைக் கிளறினார்கள். குவானிஷ் ஒன்றை எடுத்தார். அக்மரால் ஒன்றை எடுத்தாள். மூன்றாவது காசைக் காணவில்லை.

தேடித் தேடிக் கை மரத்துப்போனது. அப்படி ஒருமுறையும் ஆனதில்லை. இரண்டு காசோடு மூன்று பேரை எப்படி அனுப்புவது? குவானிஷுக்கே முகம் வெளுத்துவிட்டது. தண்டவாளத்துக்கு மிக அருகில் மண்டியிட்டுக் கிடந்தவன் மெய்ராம். அவன் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு, பையைச் சரிசெய்துகொண்டான். அக்மராலுக்கு அது போதும்.

அடுத்த சில நாள் அவனைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். இந்தக் காசுகளுக்கு வெளியூர் ராக்கெட் பிரியர்கள் நல்ல விலை கொடுப்பார்கள் என்று யாரோ சொன்னது வேறு நினைவுக்கு வந்தது. மேலே போகிற மூன்று பேரில் எவருடைய காசு தொலைந்தது? அந்த டாக்டர் பெண்ணுக்குச் சின்னப் பிள்ளை இருக்கிறது என்று ஷோல்பான் படித்துச் சொல்லியிருந்தாள். அதை நினைத்து அக்மரால் ராத்திரியில் எழுந்து கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். அவ்வளவு பயமும் கோபமாக மாறி அந்தப் பையன் மேல் இறங்கியது.

ராக்கெட் கிளம்பும் நாள் காலையில் எல்லாரும் அவள் வீட்டில் கூடியிருந்தோம். அக்மரால் தேநீர் ஊற்றினாள். எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்குக் கோப்பையில் கொஞ்சமாகத்தான் ஊற்றுவோம். ஊற்ற ஊற்ற வாங்கிக் குடித்துக்கொண்டு இருங்கள் என்று அர்த்தம். மெய்ராமுக்கு மட்டும் அவள் விளிம்பு தளும்ப ஊற்றி வைத்தாள். குடித்துவிட்டு எழுந்திரு என்பதை அதைவிடப் பச்சையாகச் சொல்ல முடியாது. பையனின் காது சிவந்தது.

"அக்கா, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"பையைக் கொட்டு, தெரிஞ்சுடும்."

அவன் அசையவில்லை. அவளே பையைப் பிடுங்கிச் சாப்பாட்டு விரிப்பின் மேல் கொட்டினாள். ஒரு சட்டை, கருவாட்டுப் பொட்டலம், சீப்பு, முடிச்சுப் போட்ட கைக்குட்டை. முடிச்சை அவிழ்த்தாள். இலை போல நசுங்கிய ஒரு காசு விழுந்தது.

 கையும் களவுமாகப் பிடிபட்டவனிடம் என்ன பேசுவது?

"இது எங்க அம்மாவோடது" என்றான் மெய்ராம் மெதுவாக. "அவங்க இந்த ஊர்ப் பொண்ணு. கல்யாணமாகிப் போறப்ப இந்த வீட்டுலதான் உங்க மாமியார் கொடுத்தாங்களாம். ராக்கெட் கிளம்புற அன்னைக்குக் கோப்பையில போட்டுட்டு வான்னு அனுப்பினாங்க. இன்னைக்குப் போடலாம்னு இருந்தேன்."

"அடேயப்பா. இத்தனை வருஷத்துல ஒரு ஆள் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. சரியா ஒண்ணு தொலையற அன்னைக்கு நீ வந்து நிக்கிறியா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்கறியே தம்பி."

"அம்மா பேரு உல்ஜான். கேட்டுப் பாருங்க."

"எல்லாத் திருடனுக்கும் ஒரு அம்மா இருக்கத்தான் செய்யிறா."

குவானிஷ் தொண்டையைச் செருமினார். அக்மரால் அந்தக் காசை எடுத்துப் பூப்போட்ட கோப்பையில் போட்டாள். மெய்ராம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போட வேண்டிய இடத்துல போட்டுட்டீங்க. அது போதும்" என்றான். சட்டையைப் பைக்குள் திணித்துக்கொண்டு ரயில் நிலையத்தைப் பார்க்க நடந்தான். ராக்கெட் கிளம்பும்வரைகூட நிற்கவில்லை.

திறந்தவெளியில் நாங்கள் நின்றபோது தரை அதிர்ந்தது, வழக்கம்போல அக்மராலுக்குக் கண்ணீர் வந்தது. சில மணி நேரம் கழித்து, விண்வெளி நிலையத்தோடு கலம் சேர்ந்து கதவு திறந்ததைக் குவானிஷின் கைபேசியில் பார்த்தோம். ஒவ்வொருவராக மிதந்து வந்தார்கள். அவள் விரல் விட்டு எண்ணினாள். "மூணு காசு, மூணு தலை. நான் மட்டும் பையைக் கொட்டலேன்னா என்ன ஆகியிருக்கும்?" என்று ஊரெல்லாம் சொன்னாள். கோடை முழுக்க, அந்தி வானத்தில் நிலையம் ஒரு வெளிச்சப் புள்ளியாக ஊர்ந்து போகும்போதெல்லாம் வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பாள்.

நவம்பரில் முதல் பனி விழுந்தது. மூன்று பேரும் இறங்கப் போகிற நாளுக்கு முந்தின நாள், பரணில் கிடந்த ரப்பர் பூட்ஸை எடுத்தாள். அடியில் வசந்தகாலத்துச் சேறு கல்லாக இறுகியிருந்தது. கத்தி முனையால் நோண்டினாள். பள்ளத்துக்குள் ஏதோ மின்னியது.

மெல்ல நெம்பினாள். இலை போல நசுங்கிய காசு.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.  திருப்பிப் பார்த்தாள், வெளிச்சத்தில் காட்டினாள், அது வேறு எதுவாகவாவது இருக்கக்கூடாதா என்று நகத்தால் சுரண்டினாள். இவள் வாழ்நாளில் சந்தேகப்பட முடியாத பொருள் ஒன்று கிடைத்தது, அது இதுவாகவா இருக்க வேண்டும்.

மறுநாள் அவள் வீட்டுத் தொலைக்காட்சியில், ஸ்தெப்பிப் புல்வெளிக்கு மேல் ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பாராசூட் விரிந்ததைப் பார்த்துக் கூட்டம் கைதட்டியது. டாக்டர் பெண்ணைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அப்போதுதான் அக்மரால் கோப்பையைக் கொண்டுவந்து விரிப்பின் மேல் கவிழ்த்தாள். மூன்று காசு. பக்கத்தில் நான்காவதை வைத்தாள்.

"என் பூட்ஸ் அடியில ஒட்டியிருந்தது. நேத்துதான் பாத்தேன். அந்தப் பையன் எடுக்கலை."

குவானிஷ் காசைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "எட்டு மாசமா உன் பூட்ஸ்லயா இருந்துச்சு?"

"ஆமா."

"ஏம்மா, அவ்வளவு தேடினோமே. உன் காலடியில பாக்கத் தோணலையா?"

"தோணலை, அண்ணா."

ஷோல்பான் கோப்பையை எடுத்துத் துணியால் துடைத்தாள். "அடுத்த தடவை இது என் வீட்டுல இருக்கட்டுமே, அக்கா" என்றாள், ஓரக்கண்ணால் பார்த்தபடி. அந்தப் பார்வை அக்மராலுக்கு நன்றாகத் தெரிந்த பார்வைதான். இத்தனை வருடம் அதை அவள் மற்றவர்களுக்குக் கொடுத்து வந்தாள். உண்மையைச் சொல்லியும் அது பொய் போல ஒலிப்பது எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டாள். 

அடுத்த ரயிலில் அரால் போனாள். மீன் ஆலைக்குப் பின்னால், உல்ஜான் வீடு எது என்று கேட்டபோது எல்லாரும் கைகாட்டினார்கள். வாசலுக்கு வந்தவள் மெலிந்த, கூர்மையான முகக்காரி. பின்னால் மெய்ராம். அக்மராலைக் கண்டதும் அவன் உள்ளே போய்விட்டான்.

வந்தவளைப் பெயர்கூடக் கேட்காமல் உல்ஜான் உள்ளே உட்கார வைத்தாள். எதிரி வந்தாலும் வாசலில் நிற்க வைப்பது வழக்கமில்லை. அக்மரால் நடந்ததைச் சொன்னாள். பூட்ஸை, சேற்றை, கத்தியை. பூட்ஸில் கிடைத்த காசை விரிப்பின் மேல் வைத்தாள்.

"பூட்ஸ்லதான் இருந்துச்சுன்னு நான் எப்படி நம்பறது?" என்றாள் உல்ஜான்.

"நம்ப வேணாம். நானா இருந்தா நம்ப மாட்டேன்."

"முதல்ல தபால்ல அனுப்பலாமான்னுதான் பாத்தேன். கையிலதான் கொடுக்கணும், அதுதானே மரியாதைன்னு கிளம்பினான். கடைசியில ராக்கெட்டை ரயில் ஜன்னல் வழியாப் பாத்திருக்கான். பெட்டியில இருந்த சனமே வலது பக்கம் ஓடி நின்னுச்சாம், இவன் மத்தவங்க தலைகளுக்கு நடுவுல எட்டிப் பாத்தானாம்."

"தப்பு என்னுதுதான். மன்னிச்சுக்கோன்னு கேக்கத்தான் வந்தேன். அவன்கிட்டயும், உன்கிட்டயும்."

உல்ஜான் தேநீர் ஊற்றினாள். பால் கலந்த தேநீர் கோப்பையில் ஏறி ஏறி, விளிம்பில் தளும்பி, விரிப்பில் ஒரு சொட்டு விழுந்தது. மகன் அந்தக் கதையையும் சொல்லியிருக்கிறான்.

அக்மரால் இரண்டு கையாலும் அதை எடுத்தாள். நாக்குச் சுட்டது. நிறுத்தாமல் அடிவரைக்கும் குடித்தாள். எழுந்திருக்கவில்லை. காலிக் கோப்பையை உல்ஜானை நோக்கித் தள்ளி வைத்தாள்.

"இன்னொரு தடவை ஊத்து, உல்ஜான்."

உல்ஜான் கெண்டியை எடுத்தாள். அறை வாசலில் மெய்ராம் வந்து சாய்ந்து நின்றான். கெண்டி சாய்ந்தது. அக்மரால் அதன் மூக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

தேநீர் கோப்பையின் பாதியில் நின்றது.