பானை சுரண்டும் சத்தம்

செவ்வாற்றங்கரையில் வாத்து வளர்க்கும் லுயென், அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் பானையோரம்தான் உட்காருவாள். பரிமாறுவது அவள் ராஜ்ஜியம். கரண்டி பானையின் அடியில் உரசும் சத்தம் விருந்தாளி காதில் விழுந்தால் வீட்டுக்கே தலைகுனிவு என்பது அந்த ஊர் வழக்கம்.

அன்று மதியம் மழைக்கு ஒதுங்கி நின்ற வெளிநாட்டுக்காரன் ஒருவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து பாயில் உட்கார வைத்தாள். பானையில் இருந்ததோ இரண்டு பேருக்கான சோறு. மிச்சம் வைப்பது மரியாதை இல்லை என்று அவன் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டான். காலிக் கிண்ணத்தைப் பார்த்தால் இவள் கை சும்மா இருக்காது. நாலாவது முறை, தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல் சத்தமில்லாமல் அள்ளி வைத்தாள்.

கணவன் கியேமுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "எனக்கு வயிறு மந்தமா இருக்கு. அவருக்கே வை" என்றான்.

மழை விட்டது. விருந்தாளி வயிற்றைத் தடவிக் காட்டிச் சிரித்தபடி கிளம்பினான். அவன் பையில் அவித்த வாத்து முட்டைகளையும் திணித்து அனுப்பினாள்.

அவன் தலை மறைந்ததும் லுயென் கரண்டியை எடுத்துப் பானையை வறட்டு வறட்டென்று சுரண்டினாள். பெயர்ந்து வந்த காந்தலில் பெரிய துண்டைக் கணவனிடம் நீட்டினாள்.

"இந்தாங்க, வயித்து மந்தத்துக்கு மருந்து."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தோவா அக்காவின் குரல் வந்தது. "என்னடி, வீட்டுல அரிசி இல்லையா? ஊருக்கே கேக்குது."

"கேக்கட்டும்க்கா. விருந்தாளி சாப்பிட்டுப் போன பானை இது."