ஹம்மாதி ருசி பார்த்த மாவு

பேருந்தில் ஏறியதும் ஹம்மாதியின் கண் போவது சுற்றுலாக் கப்பலிலிருந்து இறங்கிவந்த பயணிகளின் முகத்துக்கு அல்ல, மடிக்கு. யார் பையில் பிஸ்கட், யார் டப்பாவில் முந்திரி என்று நோட்டம் விட்டபிறகே மைக்கைக் கையில் எடுப்பார். "என்னம்மா, தனியாத் தின்னா வயித்தை வலிக்குமே" என்று முன்பின் தெரியாதவளிடம்கூட இரண்டு விரலை நீட்டிவிடுவார். அவர்களும் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள்.

"உனக்கு ஊரைச் சுத்திக் காட்டத்தானே லைசென்ஸ் குடுத்தாங்க?" என்பார் டிரைவர் தீஜானி.

"நீட்டின தட்டைத் தள்ளக் கூடாது தீஜானி. நாம துனிஸ்காரங்க."

"எவன்யா நீட்டினான்?"

துனிஸின் கோலெத் துறைமுகத்தில் கப்பல் நிற்கும் நாளெல்லாம் கார்த்தேஜின் குளியல் மண்டப இடிபாடுகளைச் சுற்றிக் காட்டுவது அவர் பிழைப்பு. ரோமாபுரி மன்னர்களைப் பற்றி அவர் சொல்வதில் பிழை இருக்காது. கடலோரம் நிற்கும் ஒரு மொட்டைத் தூணருகே வந்ததும்தான் சொந்தச் சரக்கை அவிழ்த்துவிடுவார். குளியலுக்கு வெந்நீர் அடுப்பெரித்த அடிமையும் அவன் மனைவியும் ஒரே குழியில் அங்கே உறங்குகிறார்களாம். அந்தப் பக்கத்தில் அந்தத் தூணுக்கு மட்டும்தான் கொஞ்சம் நிழல் உண்டு. வெயிலில் முனகும் கூட்டத்தை அங்கே நிறுத்திவைக்க ஒரு கதை வேண்டியிருந்தது, கட்டிவிட்டார். கூச்சம் என்பது அவர் இருக்கும் திசையில் தலைவைத்தும் படுத்ததில்லை.

போன வாரமும் கதையைச் சொல்லி முடித்தார். கூட்டம் படமெடுக்கக் கலைந்தது. ஓதில் என்ற பிரெஞ்சுக்கார மூதாட்டி மட்டும் தூணை விட்டு நகரவில்லை. கைப்பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தாள், சிரமப்பட்டு மூடியைத் திறந்தாள். "கொஞ்சம் பிடிங்க" என்று டப்பாவை அவரிடம் நீட்டிவிட்டுக் கைக்குட்டையைத் தேடினாள்.

உள்ளே வெளிறிய பழுப்பில் மாவு. பார்லியும் கடலையும் வறுத்து அரைத்த பிஸீஸா. எந்த ஊருக்குப் போனாலும் துனிஸ்காரர்கள் அதை இப்படி டப்பாவில்தான் கட்டிக்கொண்டு போவார்கள். ஹம்மாதிக்கு முகமெல்லாம் பல்.

"அட, பிஸீஸா. உங்களுக்கு யாரு மேடம் குடுத்தா? எண்ணெய் விட்டுப் பிசைஞ்சு சாப்பிடணும்" என்றபடியே ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார். இனிப்பில்லை, உப்பில்லை. பல்லில் நறநறத்தது.

ஓதில் கத்தவில்லை. கைக்குட்டையோடு அப்படியே நின்றாள்.

"அது என் வீட்டுக்காரர்" என்றாள்.

ஹம்மாதிக்கு முதலில் விளங்கவில்லை. செத்தவரைக் குளிப்பாட்டி, துணி சுற்றி, மண்ணில் பதமாகக் கிடத்தித்தான் அவருக்குப் பழக்கம். எரித்து டப்பாவில் அடைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாரே தவிர, கண்ணால் பார்த்ததில்லை. விளங்கியபோது காது அடைத்துப் போனது. பெண்டாட்டி பிள்ளைகளோடு வாழ்ந்த ஒரு மனிதர் தன் நாக்கின் மேல் இருக்கிறார். துப்பலாமா? இவள் கண்ணெதிரேயா? விழுங்குவதா? யா அல்லா, இது என்ன சோதனை.

"நாலஞ்சு வருஷம் முன்னாடி ரெண்டு பேரும் இதே கப்பல்ல வந்தோம்" என்றாள் ஓதில். ஹம்மாதி செய்ததை மன்னித்துவிட்டாளா, அதை நினைக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லையா, தெரியவில்லை. "உங்க கதையைக் கேட்டு அவர் அழுதார். நான் போனா என்னை இங்க கொண்டுவந்து விடு, அந்தப் புருஷன் பொண்டாட்டி பக்கத்துலன்னு சொன்னார். அப்பா நம்ம ஊர்லயே இருக்கட்டும்னு பிள்ளைங்க சண்டை போட்டாங்க. நான் கேக்கல."

ஓதில் தூணடி மண்ணைப் பார்த்தாள்.

"அவங்க ரெண்டு பேரும் நிஜமாவே இங்கதானே இருக்காங்க? இல்லேன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் இவரைத் திரும்பக் கூட்டிட்டுப் போயிடறேன்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல வாயைத் திறக்க வேண்டும். வாயில் அந்த மனிதர் இருந்தார்.

ஹம்மாதி கண்ணை மூடி, எச்சிலைக் கூட்டி விழுங்கினார். டப்பாவை அவள் கையில் மெல்லக் கொடுத்தார். பிறகு தூணடியில் மண்டியிட்டு, வெறும் விரல்களால் மண்ணைத் தோண்டத் தொடங்கினார்.