அனுமதி பெற்ற கல்யாணம்

1. சாக்கோடு வந்தவர்கள்

அவர்கள் வந்தபோது என் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. ஒரு வீடியோ டெக்கின் மூடியைக் கழற்றி, உள்ளே சிக்கியிருந்த டேப்பை விரல் நுனியால் மெல்ல எடுத்துக்கொண்டிருந்தேன். நான்கு பேர், கழுத்தில் அடையாள அட்டை. முன்னால் நின்றவர் ஏதோ சட்டம், ஏதோ பிரிவு என்று மலாயில் ஒப்பித்துவிட்டு, கடையில் இருக்கும் கேசட் எல்லாவற்றையும் கவுண்டரில் அடுக்கச் சொன்னார்.

"துவான், இது வாடகைக் கடை இல்ல. ரிப்பேர் கடை," என்றேன். துவான் என்பது மலாயில் ஐயா.

"கேசட் இருக்கா, இல்லையா?"

இருந்தது. வீடியோ ரிப்பேர் கடையில் கேசட் இல்லாமல் இடியாப்பமா இருக்கும்?

எண்பதுகளின் நடுப்பகுதி அது. மலேசியாவின் ஈப்போ நகரில் தவுக்கே லியோங்கின் கடையில் நான் மெக்கானிக். தவுக்கே என்றால் முதலாளி. தோட்டத்துச் சனங்களோடு வியாபாரம் செய்தே எங்கள் தமிழைக் கற்றுக்கொண்ட சீனர். அந்தச் சமயத்தில் ஒரு புதுச் சட்டம் வந்திருந்தது. வீடியோ கேசட் எதுவானாலும் தணிக்கைக்குப் போய், ஸ்டிக்கர் ஒட்டி வர வேண்டும். ஸ்டிக்கர் இல்லாத கேசட்டை வைத்திருந்தாலே குற்றம். சட்டம் எழுதியவர்களின் மனதில் ஆபாசப் படம் இருந்திருக்கும், திருட்டுப் படம் இருந்திருக்கும். கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றையும் சனங்கள் வீடியோவில் பிடிக்க ஆரம்பித்திருந்தது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தாலும் எழுதியிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

என் மேசையிலிருந்த கேசட்டுகளை ஒரு சாக்கில் போட்டார்கள். அதில் ஒன்று ரோசம்மா அக்காவுடையது.

ரோசம்மா அக்கா சிம்பாங் பூலாய் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டியவர். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்ற பிறகு ஈப்போவில் ஒரு தொழிற்சாலைக்கு வந்துவிட்டார். அவர் வீட்டுக்காரர் சவரிமுத்து லாரி டிரைவர். மூத்த மகள் கல்யாணத்தை ஊரே மெச்ச நடத்திவிட்டு, சில மாதங்களில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். வீட்டில் இருந்த கல்யாண கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது. சுத்தம் செய்யச் சொல்லி அக்கா என்னிடம் கொடுத்திருந்தார். சவரிமுத்து நடப்பதும் பேசுவதும் சிரிப்பதும் இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே இடம் அந்த கேசட்தான்.

"துவான், அது செத்துப்போனவர் கேசட். அத மட்டும் விட்டுருங்க," என்று மலாயில் கெஞ்சினேன்.

"ஸ்டிக்கர் இல்ல. தா போலே," என்றார். முடியாது என்று அர்த்தம். எங்கள் ஊர் அலுவலகங்களில் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான்.

தவுக்கே என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "மணியம், வாய மூடு லா. கடைய மூடிட்டா நீயும் நானும் ரோட்டுல."

2. அண்டெனாவில் காய்ந்த புடவை

இந்த மாதிரி எரிச்சல் எனக்கு அன்றைக்குப் புதிதல்ல. எழுபதுகளில் நான் தொழில் பழகியபோது வேலையே தோட்டம் தோட்டமாகப் போய் அண்டெனா கட்டுவதுதான். டிவிக்கு லைசென்ஸ் எடுக்க வேண்டிய காலம். லைசென்ஸ் பார்க்க வருகிற ஆள் யார் வீட்டுக்குள்ளும் நுழைய மாட்டார். ரோட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, தொழிலாளர் குடியிருப்பான லயத்துக் கூரைகளில் எத்தனை அண்டெனா நிற்கிறது என்று பார்ப்பார். சனங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அவர் வருகிற தகவல் வந்ததும் அண்டெனா மேல் புடவை, கைலி எல்லாவற்றையும் காயப் போட்டுவிடுவார்கள். சிலிம் ரிவர் பக்கம் ஒரு வீட்டில் அண்டெனாவைக் கூரைக்குள்ளேயே ஒளித்துவிட்டு, "அண்ணே, எந்தப் படத்தப் போட்டாலும் மழ பேயுது, வந்து பாருங்க" என்று எனக்கு ஆள் அனுப்பினார்கள்.

அப்போது சிரித்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் கோபம்தான் வருகிறது. மாதம் முழுக்கப் பால்வாளி தூக்கியவன் சாயங்காலம் ஒரு படம் பார்ப்பதற்குத் திருடனைப் போல ஒளிய வேண்டுமா? என் அனுபவத்தில், புதிதாக ஒரு பெட்டி வந்தால் முதலில் லைசென்ஸ் வரும், அப்புறம்தான் ஸ்பேர் பார்ட்ஸ் வரும்.

வீடியோ வந்தபோதும் அதே பாட்டு. 'வீடியோவால் இளைஞர்கள் சீரழிகிறார்கள்' என்று பத்திரிகையில் வாரம் ஒரு செய்தி. கோப்பிக் கடையில் அதைப் படித்துவிட்டு நான் கத்துவேன். "மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துறானுங்க" என்பேன். எதிரில் உட்கார்ந்திருக்கிற லாரிக்காரர்கள், "ஒரு நாள் சோதனை உன் கடைக்கு வந்தா தெரியும்டா" என்பார்கள். வந்தது.

3. முக்கிய நடிகர் யார்?

விஷயத்தைச் சொன்னபோது ரோசம்மா அக்கா என்னைத் திட்டவில்லை. "யாரு கிட்ட கேக்கணும் தம்பி? வா, போலாம்," என்றார். அவ்வளவுதான்.

அலுவலகக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன், சாக்கோடு வந்த நால்வரில் ஒருவன். தியாகு என்று பெயர், தைப்பிங் ஊர்ப் பையன். அன்றைக்கு வாயே திறக்காமல் நின்றவன், இன்றைக்குத் தமிழில் பேசினான்.

"அண்ணே, எனக்குப் புரியுது. ஆனா ஸ்டிக்கர் இல்லாம வெளிய விட முடியாது லா. தணிக்கைக்கு மனு போடுங்க. பார்த்துட்டு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்துருவாங்க."

"கல்யாணத்துக்குத் தணிக்கையா?"

"கேசட்டுக்குண்ணே."

மனு சினிமாவுக்காக அச்சடித்தது. வேறு மனு கிடையாது. அக்காவுக்கு மலாய் எழுத வராது என்பதால் தியாகுவே கேட்டுக் கேட்டு எழுதினான்.

"படத்தோட பேரு?"

"படம் இல்லய்யா, எம்மவ கல்யாணம்," என்றார் அக்கா.

"சரி, 'மகள் கல்யாணம்'. டைரக்டர்?"

அக்கா என்னைப் பார்த்தார். "போட்டோ கடை செல்வராஜுன்னு போடு," என்றேன் நான்.

"மதம் சம்பந்தப்பட்ட காட்சி இருக்கா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மாதா கோயில்ல நடந்த கல்யாணம்டா. சாமியார் கட்டி வைக்காம போலீசா கட்டி வைக்கும்?"

"தம்பி, சும்மா இரு," என்றார் அக்கா.

"முக்கிய நடிகர்?"

"சவரிமுத்து," என்று அக்கா உடனே சொன்னார். மாப்பிள்ளை பெயரும் இல்லை, பெண் பெயரும் இல்லை.

"கதைச் சுருக்கம் எழுதணும்கா. சுருக்கமா சொல்லுங்க."

அக்கா கவுண்டர் பலகையை விரலால் தேய்த்தார். "கதைக்கு என்னா இருக்கு. பொண்ணு கேட்டு வந்தாங்க, கட்டிக் கொடுத்தோம், அவரு போயிட்டாரு. அவ்ளோதான்."

தியாகு பேனாவைக் கீழே வைத்தான். பிறகு எடுத்து, அதையே மலாயில் எழுதினான்.

4. கல்யாணத்துக்குப் பிறகு சண்டை

சில வாரங்கள் கழித்து, பார்வையிடும்போது மனுதாரர் தரப்பில் ஒருவர் இருக்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள். அக்காவுக்கு ஷிஃப்ட். நான் போனேன். ஒரு சின்ன அறை, டிவி, டெக், தியாகு, அவனுடைய மேலதிகாரி. மேலதிகாரி வயதானவர், தன்மையாகப் பேசும் மலாய்க்காரர்.

கேசட் ஓடியது. முதல் காட்சியே சவரிமுத்துதான். கேமராவுக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுவந்து, கண்ணைச் சுருக்கி, "ஓடுதா?" என்று கேட்டார். செல்வராஜின் குரல், "ஓடுதுண்ணே, தள்ளி நில்லுங்க" என்றது. அப்புறம் கோயில், மாலை, மோதிரம். சாப்பாட்டுப் பந்தியில் சவரிமுத்து கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, கறி வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக ஓடினார். "என்னைய எடுக்காத லா, மாப்பிள்ளைய எடு" என்று கரண்டியாலேயே கேமராவை விரட்டினார். மேலதிகாரி சிரித்துவிட்டார். எனக்கு நெஞ்சு லேசானது. முடிந்தது வேலை, இன்றைக்கே வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தேன்.

பெண் காரில் ஏறினாள். திரையில் ஒரு கோடு ஓடியது. அந்தக் கோட்டைப் பார்த்ததும் அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புது கேசட் விலை அதிகம் என்பதால், வீட்டில் பார்த்து முடித்த பழைய படக் கேசட்டையே வீடியோ எடுப்பவரிடம் கொடுத்துவிடுவார்கள். அவர் அதன் மேலேயே கல்யாணத்தைப் பதிவு செய்வார். கல்யாணம் எந்த இடத்தில் முடிகிறதோ, அங்கிருந்து மிச்சப் படம் தொடரும். பெரும்பாலும் கிளைமாக்ஸ் சண்டை. தோட்டத்தில் கல்யாண வீடியோ போட்டால், பெண் அழுதுகொண்டே புறப்பட்ட பிறகும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். வில்லன் செத்த பிறகுதான் பாயைச் சுருட்டுவார்கள்.

இங்கேயும் வில்லன் வந்தான். கதாநாயகன் அவனை ஒரு குடோனில் வைத்து வெளுத்தான். ஸ்டிக்கர் இல்லாத படம், திருட்டுப் பிரதி, அரசாங்க அறையில் ஓடிக்கொண்டிருந்தது.

"இது யார்? பெண்ணின் அண்ணனா?" என்று மேலதிகாரி கேட்டார். அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டப்படி முழு கேசட்டையும் அழித்துவிட வேண்டும் என்றார். தியாகு அவரிடம் தாழ்ந்த குரலில் நெடுநேரம் பேசினான். கடைசியில் அவர் இறங்கி வந்தார். படம் இருக்கிற பகுதியை மட்டும் அழித்துவிட்டு, ஸ்டிக்கர் ஒட்டித் தரலாம் என்று கோப்பில் எழுதினார்.

"துவான், இப்பவே என்கிட்ட கொடுங்க. இங்கயே உங்க கண் முன்னாடி அழிச்சிடுறேன்," என்றேன். என் தொழில் அது.

பறிமுதல் செய்த பொருளை வெளியாள் தொடக் கூடாதாம். அவர்கள் ஆள்தான் அழிப்பாராம்.

அந்த நிமிடம் என் நாக்கு நுனி வரை ஒரு விஷயம் வந்தது. இதே மேலதிகாரியின் வீட்டு டெக் அதற்கு முன்பு என் மேசைக்கு வந்திருக்கிறது. உள்ளே சிக்கியிருந்த கேசட்டிலும் ஸ்டிக்கர் இல்லை. சொல்லவில்லை. மெக்கானிக்குக்கு ஒரு தர்மம் இருக்கிறது: யார் வீட்டுப் பெட்டிக்குள் எதைப் பார்த்தாலும் அதைப் பெட்டியோடு மூடிவிட வேண்டும். நான் மூடினேன். அரசாங்கத்துக்கு அந்தத் தர்மத்தை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

5. ஸ்டிக்கர்

கேசட் தயார் என்று தகவல் வந்தபோது தியாகுவைத் தைப்பிங்குக்கு மாற்றியிருந்தார்கள். புது ஆள் ஒருவர் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். கேசட்டின் முதுகில் பளபளவென்று ஸ்டிக்கர். எல்லா வயதினரும் பார்க்கலாம் என்று போட்டிருந்தது. அக்கா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நேராகக் கடைக்கு வந்தோம். தவுக்கே அக்காவுக்கு நாற்காலி போட்டார். நான் கேசட்டைப் போட்டேன். சவரிமுத்து முகம் வந்தது. கண்ணைச் சுருக்கினார்.

"ஓடுதா?"

திரை கறுத்தது.

வேகமாக முன்னே ஓட்டினேன். கறுப்பு. இன்னும் ஓட்டினேன். கோயில் இல்லை, பந்தி இல்லை, கறி வாளி இல்லை. கடைசி வரை கறுப்பு. வில்லனையும் அழித்திருந்தார்கள், அந்த வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்திருந்தார்கள்.

மோட்டாரை எடுத்துக்கொண்டு திரும்பவும் அந்தக் கவுண்டருக்குப் போனேன். புது ஆள் நிதானமாகக் கோப்பைத் திறந்து காட்டினார். படம் இருக்கிற பகுதியை அழிக்க வேண்டும் என்று உத்தரவு, அழித்தாயிற்று. எந்தப் பகுதி படம் என்பது தியாகுவுக்குத் தெரியும், இவருக்குத் தெரியாது. கேசட்டை ஏறக்குறைய ஆரம்பம் வரை பின்னால் ஓட்டி, ரெகார்ட் பட்டனை அழுத்திவிட்டுப் பசியாறப் போயிருக்கிறார். முழுக்கப் பின்னால் ஓட்டாததால் அந்த முதல் சில நொடிகள் மட்டும் தப்பியிருக்கின்றன.

"ஸ்டிக்கர்தான் கொடுத்துட்டோமே. இன்னும் என்ன வேணும்?" என்றார். அவர் முகத்தில் துளிகூடக் கெட்ட எண்ணம் இல்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது வந்திருப்பேன்.

கடைக்குத் திரும்பியபோது அக்கா அதே நாற்காலியில் இருந்தார். கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "ஒன்னுமே இல்லாததுக்கு அனுமதி கொடுத்திருக்காங்க தம்பி." பிறகுதான் அழுதார்.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. எந்தப் புதுப் பெட்டி வந்தாலும், அதில் யார் எதைப் போடலாம், யார் எதைப் பார்க்கலாம் என்று புதுச் சட்டம் வருவதாகப் பத்திரிகையில் படிக்கிறேன். உங்கள் நல்லதுக்குத்தான் என்கிறார்கள். இருக்கட்டும். நல்ல எண்ணமும் ஒரு ரெகார்ட் பட்டனும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். தொழிலுக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஒருவருடைய பொருள் உங்கள் கைக்கு வந்தால், திறப்பதற்கு முன்னால் ஒரு பிரதி எடுங்கள். எடுத்ததை வேறொரு வீட்டில் வையுங்கள். அதிகாரி நல்லவராக இருந்தாலும் எடுங்கள்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ரோசம்மா அக்காதான். அடுத்த வாரம் அதே கேசட்டோடு வந்தார். "அந்த 'ஓடுதா'வ மட்டும் காப்பி அடிச்சுக் கொடு தம்பி. மறுபடியும் வந்து தூக்கிட்டுப் போனா?"

அனுமதி இல்லாமல் பிரதி எடுப்பதும் அன்றைய சட்டப்படி குற்றம். நான் தவுக்கேயைப் பார்த்தேன். வாயை மூடு என்று எனக்குச் சொன்ன அதே மனிதர், பட்டப்பகலில் எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்தினார். தானே இரண்டாவது டெக்கைத் தூக்கி வந்து ஒயரை மாட்டினார்.

"எத்தன வேணும் லா?" என்று அக்காவிடம் கேட்டார்.

அக்காவுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, தவுக்கேயின் மேசை டிராயரில் ஒன்று, என் வீட்டு அலமாரியில் ஒன்று. நாலில் ஒன்றிலும் ஸ்டிக்கர் கிடையாது. நாலிலும் சவரிமுத்து இருக்கிறார்.