எண்ணெய் ஊத்தியாச்சா

அவர் நின்றார், காரின் சொந்தக்காரர். அவருடைய மனைவி நின்றா, முதல் தடவையாக. மின்சாரக் காரோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவர். பிறகு நான். விரி என்ற புறநகரில் ஒரு கிடங்கின் முற்றம், ஞாயிற்றுக்கிழமை. வேறு ஆள் இல்லை.

நான் அந்தக் கிடங்கில்தான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். முற்றத்தைக் கேட்டு வாங்கியதும் நான்தான்.

காரைச் சொல்லவேண்டும். ஜப்பானில் அறுபதுகளில் செய்தது. முன்னூற்று அறுபது சிசி. வட்டக் கண், குட்டி மூக்கு. உள்ளே இருந்தால் முழங்கால் நாடியில் முட்டும். அவர் தமிழ்நாட்டுக்காரர், கம்ப்யூட்டர் வேலை. தகனினியில் வாங்கின புது வீட்டில் கராஜ் இல்லை. அதனால் கார் என் கராஜில் நிற்கும். வேலையால் வந்து சாப்பிட முதல் அதைத்தான் பார்ப்பேன். துடைப்பேன். எனக்கும் அதில் விசர். வெளியில் சொன்னதில்லை.

கிழவரின் கார் அதே வட்டக் கண்ணோடு இப்போது செய்தது. பற்றரியில் ஓடும். பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி மனைவிக்குக் காட்டவேண்டும் என்று சொந்தக்காரருக்கு ஆசை. அவா அந்தப் பழைய காரை டப்பா என்றுதான் சொல்லுவா. அன்றைக்குத்தான் வரச் சம்மதித்தா.

அதுக்கு முதல் நாள் அவருக்கு வேலை. போன் எடுத்தார்.

"அண்ணே, எண்ணெய் ஊத்தியாச்சா?"

"ஓம், அடிச்சாச்சு."

"சரியா ஊத்தினீங்கல்ல?"

"நிரம்ப."

எங்கள் ஊரில் பெற்றோல் போடும் இடத்துக்கு எண்ணெய்ச் செட் என்று பேர். எண்ணெய் என்றால் எனக்குப் பெற்றோல்தான். மற்றது ஒயில். அவரும் வேறு ஆளிடம் என்றால் ஆயில் என்றுதான் கேட்டிருப்பார். யாழ்ப்பாணத்து ஆட்களோடு சுத்தத் தமிழ் பேசவேண்டும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. எனக்காகத் தமிழாக்கிக் கேட்டிருக்கிறார். அந்த இஞ்சினுக்குப் பெற்றோலோடு ஒயிலைக் கலந்து ஊற்றவேண்டும். எப்போதும் அவரே கலப்பார். நான் வெறும் பெற்றோல் அடித்தேன்.

தெரியாத விஷயம் இல்லை. ஊரில் அதே மாதிரி இஞ்சினோடு மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவன் நான். விரி வரைக்கும் ஓட்டிவந்ததும் நான்தான். வழமையாக வரும் நீலப்புகை வரவில்லை. நல்லாய் ஓடுது என்று சந்தோஷப்பட்டேன்.

முற்றத்தில் அவர் ஏறினார். மனைவி பக்கத்தில். கிழவர் தன் காரில். பாதிச் சுற்றுக்கூட வரவில்லை. கீச் என்று ஒரு சத்தம், பின் சில்லு இழுபட்டுக் கார் நின்றது. கிழவர் சத்தமில்லாமல் முன்னால் போனார்.

அவர் இறங்கிப் பெற்றோல் தாங்கியைத் திறந்து மணந்து பார்த்தார்.

"அண்ணே, எண்ணெய் ஊத்தலையா?"

"ஊத்தினனான். பம்பில நானே நிண்டு அடிச்சனான்."

என்னைப் பார்த்தார். விளங்கிவிட்டது. எனக்கும்.

அவருடைய மனைவி சிரித்தா. "ரெண்டு பேரும் தமிழ்லதான பேசினீங்க?"

"பிஸ்டன் போச்சு" என்றார் அவர். "நான்தாண்ணே ஒழுங்கா கேக்கல."

இங்கே அந்தப் பிஸ்டன் கிடையாது. ஜப்பானிலும் தேடவேண்டும். என்ன நடந்தது என்று கிழவர் வந்து கேட்டார். காருக்கு வயசாயிட்டுது, அவ்வளவுதான் என்று இவர் ஆங்கிலத்தில் சொன்னார். அந்தளவு ஆங்கிலம் எனக்கு விளங்கும்.

கிழவர் போய் ட்ரெய்லர் கொண்டுவந்தார். கியரை எடுத்துவிட்டுத் தள்ளி ஏற்றவேண்டும். நான் பின்பக்கம் போனேன்.

"நீங்க வேணாம்ணே, உங்களுக்கு இடுப்பு வலி. உள்ள உக்காந்து ஸ்டீயரிங் பிடிங்க."

அவாவை ஏற்றியிருக்கலாம். அதைச் சொல்லத் தெரியாதவனில்லை நான். பின்னால் போய் அவர்களின் முகத்துக்குப் பக்கத்தில் நிற்க மனம் வரவில்லை. ஏறி இருந்தேன்.

அவரும் கிழவரும் தள்ளினார்கள். அவா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் நின்று தள்ளினா. ட்ரெய்லரின் சாய்வுப் பலகையில் கார் பாதி ஏறி நின்றது.

"இத்தனூண்டு டப்பா, ஏன்ங்க ஏற மாட்டேங்குது?"

கிழவர் முக்கினது கேட்டது. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கவில்லை.

அந்தக் கார் நானூறு கிலோ. நான் நூற்று நாலு.